ஹாலோவீன் அழைப்பிதழ்: கேன்வாவா, கிம்ப்பா, போட்டோஷாப்பா?

2026-இல் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 சனிக்கிழமை. தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் விருந்து வைக்க நினைப்பவர்களுக்கு இதில் வசதியும் உண்டு, தொந்தரவும் உண்டு. மறுநாள் பள்ளி இல்லை. புரட்டாசி முடிந்திருக்கும், கோழிப் பிரட்டலுக்குத் தடையில்லை. ஆனால் அந்த வாரங்களில் ஊர் அச்சுக்கடைகள் தீபாவளி அட்டை, சலுகைப் பேனர், கோயில் நோட்டீஸ் என்று திணறிக்கொண்டிருக்கும். அழைப்பிதழை அக்டோபர் 15-க்குள் கடையில் கொடுக்க முடியாது என்றால் அச்சு எண்ணத்தை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கு மட்டும் செய்வது உத்தமம். எந்த மென்பொருள் என்ற கேள்வியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியைத் தீர்மானிப்பவை இரண்டு விஷயங்கள். தமிழ் எழுத்தை அது உடைக்காமல் காட்டுகிறதா? கடைசி நேரத்தில் "மண்டபம் கிடைக்கலையாம், இடத்த மாத்தணும்" என்று தகவல் வந்தால் யார், எந்தக் கருவியில் திருத்துவார்கள்? பகல் படத்தை இரவாக்குவதும் பரங்கிக்காய்க்குள் விளக்கேற்றுவதும் எதில் செய்தாலும் ஏதோ ஒரு வழியில் வந்துவிடும். எழுத்தும் திருத்தமும்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

களத்தில் இருப்பவை ஐந்து: போட்டோஷாப், கிம்ப், போட்டோபீ, கேன்வா, அப்புறம் கைப்பேசியில் பிக்சல்லேப் மாதிரியான செயலிகள். ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் பொதுவான மூன்று வேலைகளைப் பார்த்துவிடலாம். கருவிகளின் குணம் அங்கேதான் வெளுக்கும்.

அளவு

வாட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்ப 1080 × 1350 பிக்சல் போதும். ஸ்டேட்டஸில் போட 1080 × 1920. அதில் மேலேயும் கீழேயும் சுமார் 250 பிக்சலுக்கு எழுத்து எதுவும் வைக்க வேண்டாம், அனுப்பியவர் பெயரும் பதில் எழுதும் பட்டையும் அங்கே வந்து உட்காரும்.

கையில் கொடுக்கும் அட்டை என்றால் ஏ6 நல்ல அளவு: 105 × 148 மி.மீ. வண்ணம் விளிம்புவரை ஓட வேண்டுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு 111 × 154 ஆக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இது 1311 × 1819 பிக்சல். வெட்டும் கத்தி ஒரு மி.மீ. அப்படி இப்படி நகரும். கூடுதல் விடாவிட்டால் கறுப்பு அட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று பளிச்சென்று தெரியும். எழுத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

இரண்டும் தேவை என்றால் அச்சு அளவில் செய்து பிறகு வாட்ஸ்அப்புக்குக் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் வம்பு. 1080 பிக்சல் அகலப் படத்தை ஏ5 தாளில் அடித்தால் அங்குலத்துக்குச் சுமார் 185 புள்ளிதான் தேறும்; படம் தாங்கும், எழுத்தின் ஓரம் ரம்பப்பல்லாகிவிடும்.

தமிழ் எழுத்து

கருவியைத் திறந்ததும் வடிவமைப்பில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள்: "கொண்டாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள், ஹாலோவீன் கௌரவம், ஸ்ரீ". ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, 'டு', 'து', 'ரு' சேர்ந்து வருகின்றனவா, 'ஸ்ரீ' ஒரே எழுத்தாகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிம்ப்பில் இந்த வரி சிக்கலின்றி வரும். அதன் அடியில் இருக்கும் எழுத்துக்கோப்பு நூலகங்கள் இந்திய எழுத்துகளை ஆரம்பத்திலிருந்தே கையாளக்கூடியவை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில்தான் சண்டை. எழுத்து இயந்திரம் மேற்கத்திய அமைப்பில் இருந்தால் 'கொ' என்பது க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வரிசையில் நிற்கும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்து, புதிய கோப்பு திறக்க வேண்டும். பேராகிராஃப் பலகத்தின் பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதையும் இயக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இந்தத் தொந்தரவு குறைவு. போட்டோபீ, கேன்வா இரண்டிலும் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்த பிறகே தட்டுங்கள். ஆங்கில எழுத்துரு தேர்வில் இருக்கும்போது தட்டினால் பெட்டிகளோ வேறு ஏதோ ஓர் எழுத்துருவோ வந்து குழப்பும்.

ஊர்க் கடைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய கணினிகளில் பாமினி போன்ற, யூனிகோடு என்னும் இன்றைய பொது எழுத்துக் குறிமுறைக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் யூனிகோடுக்கு எப்போதோ மாறிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய காலத்துக் கோப்புகளும் கடை வட்டுகளில் கிடக்கும். நீங்கள் கைப்பேசியில் தட்டிய வரியை அந்த எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாகத்தான் வரும். கடைக்காரர் அவசரத்தில் திரும்பத் தட்டுவார், அங்கேதான் 'விருந்து' 'விரந்து' ஆகும். எழுத்தைப் படமாக்கியோ எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகவோ கொடுத்தால் இந்தப் பேச்சே இல்லை.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவையே போதும். தலைப்புக்குப் பாலு தம்பி: பருமனாக, உருண்டையாக, பிள்ளைகள் விருந்துக்குப் பொருத்தமாக இருக்கும். விவரங்களுக்குக் கேட்டமரன் அல்லது முக்தா மலர். கேட்டமரனில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது கனம் இருப்பதால் ஒரே எழுத்துருவில் முழு அட்டையையும் முடித்துவிடலாம். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு மீடியம் கனத்துக்குக் கீழே போக வேண்டாம். அச்சில் மை பரவி ண, ஜ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். ஏ6 அட்டையில் 11 புள்ளிக்குக் குறைந்த தமிழ் எழுத்தைப் பாட்டிகள் படிக்க மாட்டார்கள். பேரப்பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதோ அவர்கள்தான்.

ரத்தம் சொட்டும் எழுத்து வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆங்கிலத்தில் அப்படி எழுத்துருக்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் தமிழ் இருக்காது. ஆகவே பாலு தம்பியில் தலைப்பைத் தட்டி, அந்த லேயரை (படத்தின் ஓர் அடுக்கை) நகலெடுத்து ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, மற்றொன்றைப் படமாக மாற்றிக்கொள்ளுங்கள். நிறத்தை இழுத்துப் பூசும் ஸ்மட்ஜ் தூரிகையை 8 முதல் 14 பிக்சல் அளவில் எடுத்து, எழுத்தின் அடிவிளிம்பிலிருந்து கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நீளமும் இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. புள்ளிகளிடமும் மேல்விலங்குகளிடமும் போகவே போகாதீர்கள். 'வாருங்கள்' என்பதன் புள்ளி சொட்டோடு கலந்தால் 'வாருங்கள' என்றாகிவிடும். மேல்வரி எழுத்தின் சொட்டு கீழ்வரியின் மேல் விழுந்து புள்ளி மாதிரி நிற்பதும் நடக்கும், ஆகவே வரி இடைவெளியை வழக்கத்தைவிடக் கூட்டி வையுங்கள்.

எழுத்திடைவெளியைத் தமிழுக்குக் கூட்டவே வேண்டாம். சில கருவிகள் கொம்பையும் எழுத்தையும் தனித்தனியாகத் தள்ளிவிடும். கேன்வாவில் எழுத்தை வட்டமாக வளைக்கும் விளைவிலும் இதே ஆபத்து.

பகலை இரவாக்குதல்

இணையத்தில் கிடைக்கும் பேய் பங்களாப் படம் எல்லார் அட்டையிலும் இருக்கும். பால்மர வரிசையோ செம்பனைக் காடோ உங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? நேர்வரிசையில் நடப்பட்ட மரங்களின் நடுவே நின்று எடுத்தால் கோடுகள் எல்லாம் தாமாகவே உள்ளே இழுக்கும். மாலை 7 மணியை ஒட்டி, சூரியன் இறங்கும்போது எடுங்கள், இல்லையென்றால் மூடலான நாளில். உச்சி வெயிலில் எடுத்த படத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் தரையில் கிடக்கும் கூர்மையான நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேலே மூன்றில் ஒரு பங்கு வானமாக விடுங்கள். தலைப்பு அங்கே வரும்.

பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் வலது மேல் முனையைப் பிடித்து 255-இலிருந்து 150 அளவுக்கு இறக்குங்கள், நடுப்பகுதியையும் சற்றே தாழ்த்துங்கள். நிறச்செறிவை 45 குறையுங்கள். இரவில் கண்ணுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது, பச்சை பச்சையாகவே இருந்தால் நம்ப முடியாது. மேலே புதிய லேயர் ஒன்றில் சிவப்பு 12, பச்சை 24, நீலம் 58 என்ற கருநீலத்தை நிரப்பி, லேயர் கலக்கும் முறையை மல்டிப்ளை (கீழே உள்ளதை இருட்டாக்குவது) ஆக்கி, அடர்த்தியை 70 சதவீதத்தில் வையுங்கள். இலைகளுக்கு இடையே தெரியும் வெளிர்வானத்தை வெட்டியெடுக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். மல்டிப்ளையில் அதற்கு அவசியமே இல்லை, வெளிர்வானம் தானாகவே அந்த நீலத்தை வாங்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வானத்தைவிட மரங்கள் இருட்டாக இருக்க வேண்டும். மாறி நின்றால் கண் ஏதோ தப்பு என்று சொல்லும், எதுவென்று புரியாது.

நிலாவுக்குக் கறுப்புப் பின்னணியில் எடுத்த படம் ஒன்றைப் போட்டு ஸ்கிரீன் முறைக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து நிலா மட்டும் நிற்கும்.

பரங்கிக்காயைப் பொறுத்தவரை உண்மையில் குடைய வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கிடைப்பது தட்டையான, தடித்த சதையுள்ள காய். கத்தி இறங்காது, குடைந்தாலும் இந்தப் புழுக்கத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். படம் எடுத்துவிட்டுக் காயை அடுப்பங்கரைக்கு அனுப்புங்கள். காய் உருண்டையாக இல்லையே என்ற கவலையும் வேண்டாம். அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள், பரங்கிக்காய் அமெரிக்கா போன பிறகு வந்த பழக்கம்.

மென்பொருளில் குடையும் விதம் இது. பென் கருவியாலோ லாசோவாலோ கண், மூக்கு, வாயை வரையுங்கள். காயின் நடுவிலிருந்து விலக விலக வடிவம் ஒடுங்க வேண்டும். இல்லையென்றால் காகிதம் ஒட்டியது போல இருக்கும். அந்த வடிவத்தைச் சிவப்பு 215, பச்சை 95, நீலம் 0 கொண்டு நிரப்புங்கள்: இது வெட்டிய சதையின் தடிமன். நகலெடுத்து 255, 205, 90 என்ற மஞ்சளால் நிரப்பி, காயின் மையத்தை நோக்கி 8 முதல் 10 பிக்சல் நகர்த்துங்கள். கண்கள் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் நகரும், வாய் மேல்நோக்கி. முதல் வடிவத்துக்கு வெளியே வழிந்ததை மறைக்கப் போட்டோஷாப்பிலும் போட்டோபீயிலும் கிளிப்பிங் மாஸ்க் போதும். கிம்ப்பில் முதல் லேயரில் 'ஆல்ஃபா டு செலக்ஷன்' கொடுத்து, தேர்வைத் திருப்பி, மஞ்சள் லேயரில் அழிக்க வேண்டும். இந்தப் பத்து பிக்சல் ஆரஞ்சு விளிம்புதான் காய் குடைந்திருக்கிறது என்று கண்ணை நம்பவைக்கும். கடைசியாக மஞ்சள் லேயரை இன்னொரு நகல் எடுத்து, மங்கலாக்கும் காசியன் பிளர் 40 பிக்சல், ஸ்கிரீன் முறை, 60 சதவீத அடர்த்தி. ஒளி பரவும்.

இந்தக் கடைசிப் படியில் கிம்ப் பலரையும் ஏமாற்றும். அதில் ஒவ்வொரு லேயருக்கும் தனி எல்லை உண்டு; மஞ்சள் புள்ளிக்கோடாகத் தெரிவது அதுதான். சிறிய லேயரை மங்கலாக்கினால் ஒளி அந்த எல்லையில் சதுரமாக வெட்டப்பட்டு நிற்கலாம். பிளர் போடுவதற்கு முன் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்துவிடுங்கள்.

இருண்ட படத்துக்கு இன்னொரு எதிரி வாட்ஸ்அப். அது படத்தை அமுக்கும்போது கருநீல வானம் படிப்படியான பட்டைகளாகவும் கட்டங்களாகவும் உடையும். ஏற்றுமதிக்கு முன் முழுப் படத்துக்கும் 2 அல்லது 3 சதவீதம் நாய்ஸ் (பொடிப்புள்ளி) சேர்த்தால் பட்டை மறையும். பிறகு படத்தை ஒரு சாதாரணக் கைப்பேசியில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெளி வராந்தாவில் பகலில் பாருங்கள். தேதி தெரியவில்லை என்றால் உங்கள் கணினித் திரையில் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

எது யாருக்கு

போட்டோஷாப் மேற்சொன்ன எல்லாவற்றையும் மிக வேகமாகச் செய்யும். ஒரு சொடுக்கில் ஆளையோ காயையோ பின்னணியிலிருந்து பிரிக்கும். அச்சின் நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் நேரடியாக வேலை செய்யும். ஒரே ஓர் அழைப்பிதழுக்காக அதற்குச் சந்தா கட்டுவது மட்டும் நியாயமில்லை. 7 நாள் இலவச முயற்சிக் காலம் இருக்கிறது, எல்லாப் பொருளையும் தயாராக வைத்துக்கொண்டு தொடங்கினால் அதற்குள் முடித்துவிடலாம். ஆனால் நாள் தவறினால் அட்டையிலிருந்து பணம் போகும். 'ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்' என்பதில் மாட்டி 14 நாளுக்குப் பிறகு விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியை அபராதமாகக் கேட்பார்கள். பென்டிரைவில் சுற்றும் கிராக் பதிப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றோடு வரும் வைரஸ் டியூஷன் சென்டர் கணினியில் இருக்கும் மாணவர் பட்டியலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கிம்ப் முற்றிலும் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. தோட்டத்துப் பக்கம் இணைப்பு வந்து வந்து போகிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். முன்பு பிளர், நிழல் எல்லாம் போட்டால் போட்டதுதான். இப்போது அவற்றைப் பின்னர் திருத்தலாம், எழுத்துக்கு வெளிக்கோடும் எழுத்துக் கருவியிலேயே கிடைக்கிறது. பழைய 2.10-இல் வெளிக்கோடு வேண்டுமென்றால் எழுத்தைத் தேர்வாக்கி, 4 பிக்சல் விரித்து, கீழே புதிய லேயரில் நிரப்ப வேண்டும். பழகச் சிரமம் என்பது உண்மைதான், முதல் நாள் எரிச்சல் வரும். 'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' என்று தெரியாமல் கோப்பைத் தேடுகிறவர்கள் ஏராளம்.

போட்டோபீ உலாவியிலேயே ஓடும், விளம்பரத்தோடு இலவசம், முகம் போட்டோஷாப்பைப் போலவே இருக்கும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும் என்பதால் அச்சுக்கடைக்காரர் கொடுத்த மாதிரியை வீட்டில் திருத்தலாம், திருத்தியதை அதே வடிவில் திருப்பித் தரலாம். கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது, எங்கேயும் ஏறுவதில்லை. ஆண்டுக் கடைசியில் சாயங்காலம் இடி மழை, மின்வெட்டு எல்லாம் உண்டு. திறந்த பக்கம் மூடிவிட்டால் அதுவரை செய்தது போச்சு என்று வைத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை பிஎஸ்டி ஆகச் சேமியுங்கள். நினைவகம் 4 ஜிபி மட்டுமுள்ள பழைய மடிக்கணினியில் பதினைந்து லேயருக்கு மேல் போனால் திணறும்.

கேன்வா ஜெயிக்கிற இடம் திருத்தம். டியூஷன் ஆசிரியர், மண்டபத்துக்குச் சொல்லிவைத்த அண்ணன், சமையலை ஏற்றுக்கொண்ட அக்கா மூவரும் ஒரே இணைப்பில் நுழைந்து கைப்பேசியிலேயே மாற்றலாம். அச்சுக்கான பிடிஎஃப், வெட்டுக்குறி, கூடுதல் விளிம்பு எல்லாம் இலவசக் கணக்கிலேயே கிடைக்கும். பின்னணி நீக்கம், பின்னணியில்லாத பிஎன்ஜி, சிஎம்ஒய்கே மூன்றும் கட்டணக் கணக்குக்கு உரியவை. கிரீடக் குறியுள்ள படத்தைச் சேர்த்துவிட்டால் இறக்கும்போது பணம் கேட்கும், இல்லையென்றால் நீர்க்குறி படிந்து வரும். இரவுப் படம், குடைந்த பரங்கிக்காய் போன்ற நுணுக்கம் இதில் எளிதில் வராது. அதன் மாதிரிகளை அப்படியே எடுத்தால் உங்கள் அட்டையும் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) அட்டையும் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும்.

கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் கூகுளின் ஸ்னாப்சீடில் கர்வ்ஸ் வைத்துப் படத்தை இருட்டாக்கி, ஆண்ட்ராய்டில் பிக்சல்லேப் கொண்டு எழுத்தைப் போடலாம். எழுத்துருக் கோப்பை வெளியிலிருந்து சேர்க்க அது விடும். வாட்ஸ்அப்புக்கு இது தாராளம். அச்சுக்கு வேண்டாம்.

எங்கள் தேர்வைக் கேட்டால்: படத்தைப் போட்டோபீயில் செய்யுங்கள், இணையம் நம்பகமில்லாத வீடென்றால் கிம்ப்பில். எழுத்தே இல்லாத அந்தப் பின்னணியை மட்டும் முழு அளவில் ஏற்றுமதி செய்து கேன்வாவுக்குக் கொண்டுபோய், தேதி, நேரம், இடத்தை அங்கே தட்டுங்கள். சொட்டும் தலைப்பு படத்தோடு சேர்ந்தே போகட்டும், அது மாறப்போவதில்லை. மாறக்கூடியவை மட்டும் எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கும். இந்தக் கருவிகளில் பழகிய ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்றால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை, ஒன்றிலேயே முடிக்கலாம்.

அச்சுக்குப் போகிறவர்களுக்கு

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும், திரை நிறமுறையான ஆர்ஜிபி கோப்பையே பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்ளும். ஆஃப்செட்டுக்கு ஈப்போ வரை போகத் தேவையில்லை. 260 கிராம் ஆர்ட் கார்டு கேளுங்கள்.

ஏ4 தாளில் நான்கு ஏ6 அட்டை சரியாக அடங்கும் என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். விளிம்புவரை வண்ணம் என்றால் அடங்காது: 111 × 154 அளவில் நான்கு வைக்க 222 × 308 மி.மீ. தாள் வேண்டும், ஏ4 வெறும் 210 × 297. அதிலும் சாதாரண பிரிண்டர் ஓரத்தில் நான்கைந்து மி.மீ. அடிக்காது. பெரிய தாள் வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள், இல்லையென்றால் அட்டையைச் சுற்றி 5 மி.மீ. வெள்ளைக் கரை விட்டே வடிவமையுங்கள். ஏ4-இல் நான்கு வந்துவிடும், வெட்டுவதும் சுலபம்.

திரையில் கொழுந்துவிட்டு எரியும் ஆரஞ்சு தாளில் மங்கும். அந்த ஒளி நான்கு மையின் வீச்சுக்குள் இல்லை. ஊதா நீலமாகச் சாயும். சிஎம்ஒய்கே-யில் வேலை செய்தால் சயானை மெஜந்தாவைவிட 30 சதவீதமாவது குறைத்து வையுங்கள். ஒட்டுமொத்தமாகப் படம் திரையில் கண்டதைவிட இருட்டாகத்தான் அடிபடும், ஆகவே அச்சுக் கோப்புக்கு மட்டும் நடுத்தொனியை 10 முதல் 15 சதவீதம் தூக்கிவிட்டு, ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்த்த பிறகு மீதிக்குச் சொல்லுங்கள். மடிக்கும் அட்டை வேண்டாம். முழுக் கறுப்பு டோனர் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடாகும். மடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கிரீஸிங் (மடிப்புக்கோடு பதித்தல்) போடச் சொல்ல வேண்டும்.

வரைபடத்துக்கு க்யூஆர் வைப்பதானால் அச்சில் 20 மி.மீ.க்குக் குறையாமல், வெள்ளைக் கட்டத்தில் கறுப்பாக வையுங்கள். கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினால் சில கைப்பேசிகள் படிக்காது. வாட்ஸ்அப் பிரதியில் க்யூஆர் வீண். பார்க்கிறவர் கையில் இருப்பதே அந்தக் கைப்பேசிதான், அதைக்கொண்டு அதையே எப்படிப் படம் பிடிப்பார்? வேஸ் என்னும் வழிகாட்டிச் செயலியின் இணைப்பைப் படத்தின் கீழே எழுத்தாகப் போடுங்கள்.

படத்தில் என்ன வைக்கக் கூடாது

தோட்டத்து எல்லையில் இருக்கும் முனீஸ்வரர் சூலம், காளியம்மன் சிலை, ஊர் இடுகாட்டுக் கல்லறை ஆகியவற்றை இரவாக்கிப் பேய்ப் படமாக்காதீர்கள். யாரோ ஒருவருக்கு அது குலசாமி, யாரோ ஒருவருக்கு அது அப்பா. பாழடைந்த துரை பங்களா பார்க்கப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் முள்வேலிக்குள் வாழ்ந்த நினைவு இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. மரமும் நிலாவும் வௌவாலும் போதும்.

அட்டையில் எழுத்து குறைவாக இருக்கட்டும். சனிக்கிழமை, 31 அக்டோபர் 2026, மாலை 6.30 முதல் இரவு 9.30 வரை, இடம், தொடர்புக்கு ஒரு எண். "வேடம் கட்டாயமில்லை" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள், உடை வாங்க வசதியில்லாத பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத்தான் வரும். மலாய் அண்டை வீட்டாரையும் அழைப்பதானால் உணவு ஹலாலா என்பதையும் எழுத வேண்டும். முடிவு நேரத்தை விட்டுவிட்டால் மோட்டாரில் வந்து அழைத்துப்போகும் அப்பாக்கள் எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள்.

அனுப்பும்போது ஒரு பிரதியைப் படமாகவும், இன்னொன்றை டாக்குமெண்டாகவும் போடுங்கள். டாக்குமெண்டாகப் போனது அமுக்கப்படாது. யாராவது தாங்களே அடித்துச் சமூக மண்டபத்தில் ஒட்ட நினைத்தால் அதுதான் உதவும். இடமோ நேரமோ மாறினால் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதில் 'திருத்தியது' என்ற பட்டையை மேல் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டி அனுப்புங்கள். இரண்டு படமும் ஒரே மாதிரி இருந்தால், வேறு குழுக்களுக்கு ஏற்கெனவே போன பழையதைத்தான் பாதிப் பேர் திறந்து பார்ப்பார்கள்.